கால் இல்லாத ஊர்

அன்புள்ள சார்,

கோவையில் விஸ்காம் இறுதியாண்டு படிக்கிறேன். ப்ராஜெக்டுக்காக மூன்று நிமிட அனிமேஷன் செய்கிறேன். ஒரு பையன், வேறோர் உலகத்தையே கண்முன் காட்டுகிற வி.ஆர். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அதிலேயே மூழ்கிவிடுகிறான். அம்மா கூப்பிடுவது காதில் விழுவதில்லை. கடைசியில் கழற்றிப் பார்த்தால் வீடு பாழடைந்து கிடக்கிறது, அம்மா சுவரில் படமாகத் தொங்குகிறாள். முடிவு அழுத்தமாக இருக்கிறதா? காட்சிகளைக் கட்டம் கட்டமாக வரைந்த ஸ்டோரிபோர்டை இணைத்திருக்கிறேன்.
ம.

அன்புள்ள ம.,

முடிவு அழுத்தமாகத்தான் இருக்கிறது, தலையில் குட்டுகிற அளவுக்கு. அம்மாவை எதற்குக் கொன்றீர்கள்? அவன் ஏன் உள்ளே போனான், அங்கே அவனுக்கு என்ன கிடைத்தது என்பதற்கு உங்கள் ஸ்டோரிபோர்டில் ஒரு கட்டம்கூட இல்லை. பார்க்கிற நமக்கும் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்துவிடலாம் என்று தோன்ற வேண்டாமா?

போன மாதம் அக்கா மகன் எங்கள் வீட்டு ஹாலில் ஹெட்செட் போட்டு விளையாடினான். அவனுக்குத் தெரியாது என்ற தைரியத்தில் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. பக்கத்தில் வைத்த காபியில் ஆடை படிந்துவிட்டது. கால் மட்டும் அடிக்கடி பாயின் விளிம்பைத் துழாவிக்கொண்டிருந்தது. கழற்றியபோது கண்ணைச் சுற்றி ஸ்பாஞ்ச் அழுத்திய சிவப்புத் தடம். டிவியைப் பார்த்து நிற்பதாக நினைத்திருந்தானாம். நின்றது பூஜையறையைப் பார்த்து.

அந்தக் காலைப் பார்த்ததும் நளவெண்பா ஞாபகம் வந்தது. சுயம்வரத்தில் தேவர்கள் நளன் உருவத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். கண் இமைப்பதையும், பாதம் தரையில் படுவதையும், மாலை வாடுவதையும் வைத்து அசல் நளனைத் தமயந்தி கண்டுகொள்கிறாள். ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா 2021-ல் ஹொரைசன் வேர்ல்ட்ஸ் என்ற வி.ஆர். உலகத்தைத் திறந்தபோது அங்கே உலவியவர்களுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றும் கிடையாது. தலையும் கையும் எங்கே இருக்கின்றன என்று ஹெட்செட்டுக்குத் தெரியும், கால் தெரியாது. கால் முளைக்க 2023 ஆனது. நளவெண்பா பாடிய புகழேந்திப் புலவர் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.

இதையே படத்தின் விதியாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே யாரும் இமைக்க வேண்டாம், எதுவும் வாட வேண்டாம், பாதம் தரைக்கு ஒரு விரற்கடை மேலேயே இருக்கட்டும். வெளியே மட்டும் பூ வாடும், காபி ஆறும்.

அப்புறம் கணக்கு. வினாடிக்கு 24 ஃப்ரேம். ஒரு படத்தை இரண்டு ஃப்ரேம் நிறுத்தினாலும் மூன்று நிமிடத்துக்கு 2,160 படம் வரைய வேண்டும். தனி ஆளாகச் செய்கிற உங்களுக்கு நாக்குத் தள்ளிவிடும். உள்ளுலகம் மொத்தமே 40 வினாடி போதும். அதற்கு மட்டும் 24-ஐயும் வரைந்து வழுக்கிக்கொண்டு ஓட விடுங்கள், 960 படம். வெளியே அவன் நிற்கிற அறைக்கு வினாடிக்கு ஆறு படத்துக்கு மேல் வேண்டாம். பல ஷாட்டுகளில் ஒரே படம் நிற்கட்டும், இமை மட்டும் அசையட்டும். பிளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருளில் வரைவதற்கு இருக்கிற கிரீஸ் பென்சிலில் இமையைத் தனி லேயராக வைத்தால் முகத்தைத் திரும்ப வரைகிற வேலையும் இல்லை. வீடு விட்டுவிட்டு நகர்வது குறையாகத் தெரியாது. அவனுக்கு வீடு அப்படித்தானே தெரிகிறது!

முடிவா? கழற்றுகிறான், தப்பான திசையில் நிற்கிறான். அம்மாவைச் சுவரிலிருந்து இறக்கிவிடுங்கள். சமையலறையிலிருந்து, "காபியைச் சூடு பண்ணித் தரவா?" என்று அவள் கேட்கட்டும்.