கட்டிப்போட்டுவிட்டுப் போவதும் கைவிடுவதுதான்

கேள்வி: எதிர்வீட்டுக்காரர் குடும்பத்தோடு வேறு ஊருக்குக் குடிபோய்விட்டார். நாயை மட்டும் வாசல் தூணில் சங்கிலியால் கட்டிவிட்டுப் போனார். வாரம் ஒருமுறை வந்து சோறு வைக்கிறார். கேட்டால், "என் நாய், என் வீடு. தெருவிலா விட்டேன்?" என்கிறார். காவல் நிலையத்தில், "ஐம்பது ரூபாய் அபராதத்துக்கு வழக்கா?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. "என் நாய்" என்று சொன்னாரே, அந்த வார்த்தையே அவரைச் சட்டத்துக்குள் இழுத்துவிடுகிறது. 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், 11(1) பிரிவைப் படியுங்கள். போதிய உணவு, தண்ணீர், ஒதுங்க இடம் தராத உரிமையாளர் குற்றவாளி என்கிறது உட்பிரிவு 'எச்'. எப்போதும் கட்டியே கிடக்கும் நாயை நடக்க விடாததும் குற்றம் என்கிறது 'ஜி'. பட்டினியாலோ தாகத்தாலோ துன்பப்பட வாய்ப்புள்ள நிலையில், நியாயமான காரணமின்றிக் கைவிடுவதும் குற்றம் என்கிறது 'ஐ'. நாய் துடித்தது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. துடிக்கக்கூடிய நிலையில் விட்டார் என்றாலே போதும். தெருவா, சொந்த வீட்டு வாசலா என்ற பேச்சே அதில் இல்லை. "பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன்" என்றும் கைகழுவ முடியாது. குற்றம் நடக்காமல் இருக்க உரிய கவனம் எடுக்காத உரிமையாளரும் குற்றம் செய்தவரே என்கிறது 11(2).

முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். இது வெட்கக்கேடான தொகைதான். ஆனால் 3 ஆண்டுக்குள் மறுபடி செய்தால் 3 மாதம் வரை சிறைக்கு இடமுண்டு. முதல் தீர்ப்பு ஏட்டில் இருந்தால்தானே இரண்டாவது குற்றம் 'இரண்டாவது' ஆகும்? அந்த ஐம்பது ரூபாய்க்காகவே வழக்கு வேண்டும் என்கிறேன்.

இந்த உட்பிரிவுகளில் போலீஸ் நேரடியாகக் கைது செய்ய முடியாது. குற்றவியல் நடுவர் (மாஜிஸ்திரேட்) உத்தரவில்லாமல் விசாரிக்கவும் முடியாது. அதற்காகப் புகாரை வாங்கவே மாட்டோம் என்று சொல்லக் கூடாது. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 174-ஆம் பிரிவின்படி தகவலைப் பதிந்துகொண்டு, உங்களை நடுவரிடம் அனுப்ப வேண்டும். எழுத்தில் கொடுங்கள், புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். அப்போதும் அசையாவிட்டால் வழக்கறிஞர் மூலம் நடுவர் நீதிமன்றத்தில் தனிப் புகார் கொடுக்கலாம். ஒன்றை மறந்துவிடாதீர்கள்: குற்றம் நடந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் வழக்கு தொடர வேண்டும் (பிரிவு 36). பல புகார்கள் இந்தக் கெடு தெரியாமலேயே செத்துப்போகின்றன.

"பாவம், கொடுமை" என்று பக்கம் பக்கமாக எழுதாதீர்கள். தேதி எழுதுங்கள். காலையும் மாலையும் அதே காய்ந்த தண்ணீர்க் கிண்ணத்தைப் படம் எடுங்கள். தூணைச் சுற்றிச் சுற்றிச் சங்கிலி குறுகி, கிண்ணத்தை எட்ட முடியாமல் நிற்கும் நாய் ஒரே படத்தில் விழுந்தால் அதைவிட நல்ல சாட்சி இல்லை. கழுத்துப் பட்டை தோலுக்குள் பதிந்திருக்கிறதா, விலா எலும்பு தெரிகிறதா, நிழல் எத்தனை மணிக்கு விலகுகிறது என்பதையும் குறியுங்கள். கால்நடை மருத்துவர் பார்த்து எழுதித் தரும் குறிப்பு இதற்கெல்லாம் மேல்.

இரக்கப்பட்டுச் சங்கிலியை அவிழ்த்துத் தெருவில் விட்டுவிடாதீர்கள். வீட்டில் வளர்ந்த நாய்க்கு அது இன்னொரு கைவிடல்; அந்தத் தெரு நாய்கள் தங்கள் எல்லைக்குள் அதை விட மாட்டா, கடித்துக் குதறும். சுவரேறிக் குதித்துத் தூக்கி வரவும் வேண்டாம். வழக்கு உங்கள் மேல் திரும்பும். கம்பிக் கதவு வழியாகத் தண்ணீர் இன்றைக்கே வையுங்கள். பல நாள் பட்டினி கிடந்த நாய் என்றால் வயிறு முட்டச் சோறு போடக் கூடாது. திடீரென்று நிறையச் சாப்பிட்டால் இரத்தத்தில் பாஸ்பரஸ் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாளில் பல வேளையாகப் பிரித்து வையுங்கள். முதல் வேளைக்கு முன்பே மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.