முட்டிமேல் வைக்கும் கை

வணக்கம் ஐயா,

அம்மாவுக்கு 68 வயது. இரண்டு முட்டியிலும் தேய்மானம், வலது காலில் அதிகம். உடம்பில் கை வைத்துச் சக்தி செலுத்துவதாகச் சொல்லும் ஜப்பானிய முறையான ரெய்கியில் நான் முதல் நிலை முடித்து இரண்டு மாதம் ஆகிறது. தினமும் இரவு அம்மாவை மல்லாக்கப் படுக்கவைத்து, முட்டிக்கு அடியில் தலையணை கொடுத்து, 45 நிமிடம் முட்டியிலேயே கை வைக்கிறேன். வைக்கும்போது இதமாக இருக்கிறது என்கிறார். எழுந்து நிற்கும்போது முன்பைவிட வலிக்கிறது. உள்ளே இருக்கும் வலி வெளியேறுகிறது, இது 'ஹீலிங் கிரைசிஸ்', பயப்படாதே என்கிறார் எனக்குக் கற்றுக்கொடுத்தவர். மாத்திரை சக்தி ஓட்டத்தைத் தடுக்கும், மெல்லக் குறைத்துவிடு என்றும் சொல்கிறார். இரண்டாம் நிலை படித்தால் அலுவலகத்தில் இருந்தபடியே அம்மாவுக்கு ரெய்கி அனுப்பலாமாம். படிக்கலாமா?

ஒரு வாசகி, தஞ்சாவூர்

அன்புள்ள சகோதரிக்கு,

மாத்திரையைப் பற்றி முதலில். குறைக்காதீர்கள். வலி மாத்திரைகளில் சில, நாள்பட எடுத்தால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். அந்தக் கவலை நியாயமானது. அதைக் கேட்க வேண்டிய இடம் எழுதிக்கொடுத்த டாக்டர். மாத்திரை ரெய்கியைத் தடுக்கும் என்ற பேச்சுக்கு எந்த ஆதாரமும் இல்லை. ரெய்கியைத் தோற்றுவித்த உசுயியிடம் நேரடியாகக் கற்று டோக்கியோவில் ரெய்கி சிகிச்சையகம் நடத்திய ஹயாஷியே கடற்படை மருத்துவராக இருந்தவர்தான்.

அடுத்து அந்த 'கிரைசிஸ்'. அம்மாவின் வலி கூடுவதற்குக் காரணம் நீங்கள் எழுதிய விவரத்திலேயே இருக்கிறது. தேய்ந்த மூட்டை முக்கால் மணி நேரம் அசைக்காமல் வைத்தால் இறுகிக்கொள்ளும். காலையில் எழுந்ததும் முதல் பத்து அடி நொண்டி நொண்டி நடக்கிறார் இல்லையா, அதே இறுக்கம்தான் இது. போதாததற்கு, தலையணை உயரத்தில் முட்டி மடங்கியே கிடக்கிறது. தூங்கும்போதும் அந்தத் தலையணை அங்கேயே இருந்தால், நாளடைவில் கால் முழுசாக நீளாமல் போகும். அதை எடுத்துவிட்டு ஒரு துண்டைச் சுருட்டி, மணிக்கட்டுத் தடிமனுக்கு மேல் போகாமல், முட்டிக்கு அடியில் கொடுங்கள். கை எடுத்ததும் துண்டும் போய்விட வேண்டும்.

கை வைக்கும் விதத்தையும் பார்ப்போம். கட்டிலோரம் நின்று குனிந்து வைத்தால் பத்தாவது நிமிடம் உங்கள் இடுப்பு வலிக்கத் தொடங்கும். உங்களை அறியாமல் உடம்பு பாரத்தைக் கைவழியாக அம்மாவின் முட்டியில் இறக்கிவிடுவீர்கள். இதமாகத் தொடங்கி வலியில் முடிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். முட்டி மட்டத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள். முழங்கையை மெத்தையில் ஊன்றிக்கொள்ளுங்கள். முட்டிச் சில்லின் மேல் உள்ளங்கை படியக் கூடாது. கொட்டாங்குச்சியைக் கவிழ்த்த மாதிரி கையைக் குவித்தால் சில்லு அந்தக் குழிக்குள் அடங்கும். விரலும் மணிக்கட்டும் மட்டும் பக்கவாட்டில் தொடும். இன்னொரு கை சில்லுக்கு நான்கு விரல் மேலே, தொடைச் சதையில். இரண்டாவது கையைக் காலுக்கு அடியில் கொடுக்கச் சொல்பவர்கள் உண்டு. கால் பாரத்தில் உங்கள் விரல்தான் மரத்துப்போகும். அழுத்துவது, தேய்ப்பது, உருவுவது எதுவும் வேண்டாம். வலி ஜெல் தடவியிருந்தால் நடுவே ஒரு துணி இருக்கட்டும், கடைசியில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மிளகாய்ச் சத்து கலந்த களிம்பு பட்ட கையால் கண்ணைத் தொட்டவர்களுக்குத் தெரியும்.

முட்டியிலேயே தொடங்காதீர்கள். தலைக்குப் பின்புறம் 3 நிமிடம், தோள்களில் 3, வயிற்றில் 3, பிறகு ஒவ்வொரு முட்டிக்கும் 5, கடைசியில் பாதங்களில் 3. மொத்தம் 22 நிமிடம் போதும். ஹவாய்க்கு ரெய்கியைக் கொண்டுபோன டக்காட்டா வழியில் வந்த முழு வரிசை ஒரு மணி நேரம்வரை போகும், ஆனால் மூட்டுவலிக்காரரை அவ்வளவு நேரம் கிடத்தக் கூடாது. முட்டியைப் பின்னுக்குத் தள்ளக் காரணம் உண்டு. வலிக்கிற மூட்டைக் காப்பாற்றத் தொடைச் சதை எப்போதும் விறைத்தே இருக்கும். மூச்சு நிதானப்பட்டு, தோள் இறங்கி, முகம் தளர்ந்த பிறகுதான் அந்த விறைப்பு விடும். தொடையில் இருக்கும் உங்கள் கைக்கு அது தெரியும். கயிறு மாதிரி இருந்த சதை மாவு மாதிரி இளகும்.

முடிந்ததும் உடனே எழுப்பாதீர்கள். பாதத்தை மேலும் கீழுமாகப் பத்துத் தடவை, முட்டியை மடக்கி நீட்டி ஐந்தாறு தடவை, கட்டில் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு இரண்டு நிமிடம், அதற்குப் பிறகுதான் தரை. தொடை இளகியிருக்கும் இந்த நேரத்தை வீணாக்கவும் வேண்டாம். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த பயிற்சி எதையாவது வலியால் அம்மா விட்டிருந்தால் இப்போது செய்யச் சொல்லுங்கள். தேய்ந்த மூட்டைத் தாங்குவது தொடைச் சதையின் பலம். ரெய்கியால் அந்தப் பலம் வராது.

என்னதான் நடக்கிறது அப்படியானால்? 2008-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், உடம்பெங்கும் வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா உள்ள 100 பேருக்கு வாரம் இருமுறை, 8 வாரம் ரெய்கி கொடுத்துப் பார்த்தார்கள். சிலருக்குத் தேர்ந்த ரெய்கி ஆசிரியர், சிலருக்கு அவரைப் போல நடித்தவர். சிலருக்குத் தொட்டு, சிலருக்குத் தள்ளி நின்று. ரெய்கியால் வலி குறைந்ததாக எந்தக் குழுவிலும் தெரியவில்லை. கை சூடாவதைச் சக்திக்கு அத்தாட்சியாகக் காட்டுவார்கள். இரண்டு கையால் மூடி வைத்த எந்த இடமும் சூடாகும். மகள் பக்கத்தில் உட்கார்ந்து, கைப்பேசியைத் தொடாமல், 22 நிமிடம் தன்மேல் கை வைத்திருந்தால் ஒரு தாயின் உடம்பு இளகும் என்பதை மட்டும் நான் நம்புகிறேன். அதற்குமேல் நான் உரிமை கோருவதில்லை.

நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. ஒரு நோட்டு எடுங்கள். ஒரு நாள் ரெய்கி. மறுநாள் அதே நேரம், அதே துண்டு, அதே 22 நிமிடம். கை வைக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருங்கள். தொடங்கும்முன், முடிந்ததும், மறுநாள் காலை என மூன்று வேளையும் வலிக்குப் பத்துக்கு எவ்வளவு என்று அம்மாவையே கேட்டு எழுதுங்கள். "இப்போ குறைஞ்சிருக்கா?" என்று கேட்கக் கூடாது. மகள் மனம் நோகக் கூடாதென்று குறைந்திருக்கிறது என்றுதான் சொல்வார். இரவில் எத்தனை முறை விழித்தார் என்பதையும் குறியுங்கள். என் கணிப்பு, வலி எண்ணைவிடத் தூக்கத்தில்தான் வித்தியாசம் தெரியும். இரண்டு வாரத்தில் இரண்டு விதமான நாளும் ஒன்றுபோல இருந்தால், கையைவிட உங்கள் பேச்சே போதுமானதாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கை வைக்கவே கூடாத நேரங்களும் உண்டு. முட்டி திடீரென்று வீங்கிச் சிவந்து சுட்டால், கூடவே காய்ச்சல் இருந்தால், விழுந்த பிறகு கால் ஊன்ற முடியாவிட்டால், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், அன்றே மருத்துவமனை. இங்கேதான் 'ஹீலிங் கிரைசிஸ்' என்ற சொல் ஆபத்தாகிறது. கெண்டைக்கால் வீக்கம் ரத்தக் கட்டியாக இருக்கலாம், அதைப் பொறுத்துப் பார்க்கக் கூடாது.

இரண்டாம் நிலை உங்கள் விருப்பம். அம்மாவின் முட்டிக்காக என்றால் வேண்டாம். அந்தக் கட்டணத்தில் வீட்டில் இந்திய முறைக் கழிப்பறை இருந்தால் அதை மாற்றும் வேலையைத் தொடங்கலாம். மாற்றியாகிவிட்டது என்றால், வலது காலில் அதிக வலி என்பதால், உட்கார்ந்தபடி கை நீட்டினால் எட்டும் உயரத்தில் சுவரில் ஒரு கைப்பிடி. அம்மாவை உட்காரவைத்து எந்தக் கை தானாகப் போகிறது என்று பார்த்து, அந்தப் பக்கம் பொருத்தச் சொல்லுங்கள்.