எங்கள் தன்னார்வ மென்பொருள் அமைப்புக்கு மூன்று வலைத்தள வடிவமைப்புகள் வந்துள்ளன. பார்வையற்றவர்களும் சிரமமில்லாமல் பயன்படுத்த எதைத் தேர்ந்தெடுப்பது?

மூன்றின் படத்தையும் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "எது நல்லா இருக்கு?" என்று கேட்டு, கட்டைவிரல்களை எண்ணப் போகிறீர்கள். கேள்வியில் நீங்கள் அப்படிச் சொல்லவில்லைதான். ஆனால் நம் மாதிரிக் குழுக்களில் வேறு எப்படியும் நடந்து நான் பார்த்ததில்லை. தயவுசெய்து வேண்டாம்.

நான் இருப்பது ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஒன்பது பேர் சேர்ந்து விசைப்படகுக் கணக்குக்கு ஒரு கட்டற்ற செயலி, அதாவது யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் கூடியது, செய்து வைத்திருக்கிறோம். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான் எல்லாம் கழித்து, மிச்சத்தைச் சம்மாட்டிக்கும் (படகு முதலாளி) ஆட்களுக்கும் பங்கு பிரிக்கிற கணக்கு. செயலியை இறக்கிக்கொள்ளவும், உதவிக் குறிப்பு படிக்கவும், பிழை இருந்தால் சொல்லவும் ஒரு தளம். அவ்வளவுதான் தேவை.

2023 மீன்பிடித் தடைக்காலத்தில் தளத்தைப் புதிதாகச் செய்யலாம் என்று முடிவானது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, எங்களுக்கும் அப்போதுதான் ஆள் கிடைக்கும். மூன்று வடிவமைப்புகள் வந்தன. ஒன்று நான் செய்தது: வெள்ளைத் தாளில் கருப்பு எழுத்து, மேலே நான்கு இணைப்புகள். இன்னொன்று சென்னையில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்த் தம்பி செய்தது. பாம்பன் பாலம், சூரிய உதயம், வலை காய்கிற கரை என்று ஐந்து படங்கள் தானாக மாறி மாறி ஓடும். பார்க்க நன்றாகவே இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். மூன்றாவது யாருக்கும் ஞாபகம் இல்லை.

முடிவெடுக்கும் கூட்டத்தைச் சென்னையில் வைத்தார்கள். இங்கே உள்ள படகுக்கு இங்கே உள்ளவன் எழுதிய செயலி, கூட்டம் மட்டும் எப்போதும் சென்னையில். அந்தச் சமயம் பாம்பன் பழைய ரயில் பாலத்தை மூடி, 2022 டிசம்பரிலிருந்து தீவுக்குள் ரயிலே கிடையாது. பஸ்ஸில் ராமநாதபுரம் போய் ராத்திரி ரயில் பிடிக்க வேண்டும், கடையையும் இரண்டு நாள் பூட்ட வேண்டும். புதுப் பாலத்தில் ரயில் ஓட 2025 ஏப்ரல் ஆயிற்று. சரி, போனிலேயே பேசுகிறேன் என்றேன். எழுத்து நிறத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே லைன் கட். திரும்ப வந்தபோது வாக்கெடுப்பு முடிந்திருந்தது. எனக்கு இரண்டு ஓட்டு. ஒன்று என்னுடையது, இன்னொன்று என் அக்கா மகனுடையது.

இந்தப் பதிலே தோற்றவனின் புலம்பல் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். கொஞ்சம் உண்மைதான்.

தம்பியின் வடிவமைப்பில் தளம் வந்து மூன்று வாரம் கழித்து கீழக்கரையிலிருந்து ஒரு காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) கடைக்கு வந்தார். இருபத்தைந்து வயதுக்கு மேல் பார்வை போனவர். தன் கூடப்பிறந்த தம்பியின் படகுக் கணக்கை அவர்தான் பார்க்கிறார், எங்கள் செயலியில்தான். மடிக்கணினியில் என்விடிஏ என்கிற திரைவாசிப்பான் வைத்திருந்தார், திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும். அதுவே 2006-இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற ஒருவர் தொடங்கி, பார்வையற்ற இன்னொருவரும் சேர்ந்து வளர்த்த கட்டற்ற மென்பொருள். நம் இனம்தான்.

"தம்பி, உங்க தளம் எனக்கு எப்படிக் கேக்குதுன்னு ஒரு தடவை கேளுங்க" என்று ஒலியைக் கூட்டினார்.

ஆங்கிலக் குரல் வந்தது. படம், படம், இணைப்பு, படம். தமிழ் வரி வருகிற இடத்தில் சத்தமே இல்லை, தாண்டிப் போய்விட்டது. பக்கத்தின் மொழி தமிழ் என்று மூலநிரலின் தொடக்கத்தில் குறிக்க வேண்டும். வாங்கிய டெம்ப்ளேட்டில் ஆங்கிலம் என்று இருந்ததை யாரும் மாற்றவில்லை. அவர் குரலைத் தமிழுக்கு மாற்றிவிட்டு டேப் விசையை அழுத்த ஆரம்பித்தார். நான் எண்ணினேன். இறக்கும் பொத்தானுக்குப் போக 41 அழுத்தல். நேரே உள்ளடக்கத்துக்குத் தாவ ஓர் இணைப்பு கிடையாது. தலைப்பு போலத் தெரிந்த வரிகளெல்லாம் வெறும் பெரிய எழுத்து, தலைப்பாகக் குறிக்கப்பட்டவை இல்லை. அதனால் எச் விசையை அழுத்தித் தலைப்பு தலைப்பாகத் தாவவும் வழியில்லை.

அதற்குள் நான் மனசுக்குள் சிரித்துவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்புறம் அவர் உதவிக் குறிப்பைத் திறந்தார். அது நான் பல வருஷத்துக்கு முன்னால் பாமினி எழுத்துருவில் அடித்துப் பிடிஎஃப் ஆக்கியது. பாமினி யூனிகோடு இல்லாத பழைய எழுத்துரு: கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. பாமினியில் "அம்மா" என்பது கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச். ஆறு பக்கமும் அவருக்கு அப்படித்தான் கேட்டது. "இது எந்த ஊர் பாஷை?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அன்று அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தோம், அவ்வளவுதான். இரண்டு மணி நேர வேலைக்கு ஒரு டீ. அது தப்பு. உங்கள் அமைப்பிடம் கொஞ்சமாவது பணம் இருந்தால், சோதித்துச் சொல்கிறவருக்கு முதலில் கொடுங்கள்.

இன்னொரு சோதனை கரையில் தானாக நடந்தது. பாம்பன் பாலத்தடியில் மதியம் ஒரு சம்மாட்டிக்குப் போனில் தளத்தைக் காட்டினோம். வெயிலில் வெள்ளைத் திரைதான் தெரிந்தது. வெள்ளையில் வெளிர் சாம்பல் எழுத்து. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாட்டை அளந்து பார்த்தால் 2.85-க்கு 1. எல்லாரும் பயன்படுத்தும்படி வலைத்தளம் செய்வதற்கான டபிள்யூசிஏஜி என்கிற உலகப் பொது வழிகாட்டி சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5-க்கு 1 கேட்கிறது. அந்த சம்மாட்டிக்குக் கண் நன்றாகவே தெரியும்.

அதனால் வடிவமைத்தவர்களிடம் படத்தைக் கேட்காதீர்கள், ஓடுகிற பக்கத்தைக் கேளுங்கள். மூன்றிலும் மவுஸைக் கழற்றிவிட்டு டேப் விசையால் மட்டும் போய்ப் பாருங்கள். எழுத்தை 200 சதவீதம் பெரிதாக்குங்கள். போனோடு உச்சி வெயிலில் நில்லுங்கள். கண்ணை மூடி டாக்பேக்கில் (ஆண்ட்ராய்டு போனில் உள்ள திரைவாசிப்பான்) கேட்பதும் உதவும், ஆனால் அது பழகியவர் பயன்படுத்துவதற்கு ஈடாகாது. தானியங்கிச் சோதனையில் நூற்றுக்கு 96 வாங்கியதே என்று யாராவது சொல்வார்கள். எங்கள் தம்பியும் சொன்னார். படங்களைப் பொறுத்தவரை அந்தக் கருவி விளக்கம் இருக்கிறதா என்றுதான் பார்க்கும். "படம் 1" என்று எழுதியிருந்தாலும் பாஸ்தான்.

இதெல்லாம் வேறு எங்கும் படிக்கலாம். தன்னார்வ அமைப்புக்கு மட்டுமே உள்ள தொல்லை வேறு: வடிவமைத்தவர் போய்விடுவார். வேலை மாறும், கல்யாணம் ஆகும், குற்றம் சொல்ல முடியாது. அதன் பிறகு அறிவிப்பு போடப்போவது கணக்கு எழுதத் தெரிந்த, வலைப்பக்கம் தெரியாத ஒருவர். அவர் வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அப்படியே ஏற்றுவார். தேதி, இடம் எல்லாம் படத்துக்குள்ளே, திரைவாசிப்பானுக்கு ஒன்றும் இல்லை. அவர் எதைப் போட்டாலும் எளிதில் கெடாத வடிவமைப்பு எது என்று பாருங்கள். நான் செய்ததில் படத்துக்கு விளக்கம் எழுதாமல் வெளியிடும் பொத்தான் வேலை செய்யாது. அழகுக்கு எதிரி என்று என்னைத் திட்ட வருபவர்களுக்கு: எங்கள் தளத்தில் பாம்பன் பாலம் இன்னும் இருக்கிறது. ஒரே ஒரு படம், அசையாமல்.

ஆமாம், இப்போது ஓடுவது என்னுடையதுதான். அடுத்த தடைக்காலத்தில் சத்தமில்லாமல் மாற்றினார்கள், ஓட்டெடுப்பு இல்லை. டொமைன் பணம் மூன்று வருஷமாக நான்தான் கட்டுகிறேன், பொருளாளர் அதைப் பற்றிப் பேசுவதில்லை. போன வாரம்கூட ஓர் அறிவிப்பு படமாக வந்தது. விளக்கம் எழுதும் இடத்தில் "அறிவிப்பு" என்று ஒரே வார்த்தை. ராத்திரி கடையைப் பூட்டிய பிறகு உட்கார்ந்து முழுசாக அடித்துச் சேர்த்தேன், யூனிகோடில்.