‘பக்காரா’ என்ற டிஸ்கோ பாடகி ஜோடி ஒரே பாட்டோடு காணாமல் போனவர்களா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. மைத்தே மதேயோஸ், மரியா மென்டியோலா இருவரும் ஸ்பெயின் நடனக்காரிகள். கேனரி தீவுகளில் சுற்றுலாப் பயணிகளுக்காக ஆடிப் பாடிக்கொண்டிருந்தவர்களை ஆர்சிஏ இசைத்தட்டு நிறுவனத்தார் கண்டுபிடித்தார்கள். ஜெர்மானியரான ரோல்ஃப் சோயா தயாரித்து 1977-இல் வந்த ‘யெஸ் சார், ஐ கேன் பூகி’ பிரிட்டன் பாட்டுத் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. ஒருவர் கறுப்பிலும் மற்றவர் வெள்ளையிலும் வருவார்கள். கொஞ்சலான குரல், ஸ்பானிய வாடை வீசும் ஆங்கிலம், பின்னால் வயலின்கள். அபாரமான குரல்வளம் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் அந்தப் பாட்டுக்கு வேறு குரல் ஒட்டாது. அடுத்து வந்த ‘சாரி, ஐ’ம் எ லேடி’யும் ஐரோப்பாவில் நன்றாக ஓடியது. 1978-இல், ஐரோப்பிய நாடுகளின் பாட்டுப் போட்டியான யூரோவிஷனில் லக்ஸம்பர்க் சார்பில் (ஸ்பானியர்கள், பிரெஞ்சுப் பாட்டோடு!) பாடி 7-ஆம் இடம் பெற்றார்கள்.

சரிவு 1980-இல் தொடங்கியது. புதிய பாட்டு ஒன்றில் தன் குரல் அமுங்கிவிட்டது என்று மென்டியோலா சட்ட நடவடிக்கையில் இறங்கினார். மறு ஆண்டே ஜோடி பிரிந்தது. பிறகு ஆளுக்கொரு துணைப் பாடகியைச் சேர்த்துக்கொண்டு தனித்தனி பக்காரா நடத்தினார்கள், ரசிகர்களுக்குக் குழப்பம்தான்.

மென்டியோலா 2021-இல் காலமானார். அதற்கு முந்தைய ஆண்டுதான் செர்பியாவை வென்று யூரோ கோப்பைக்குத் தகுதி பெற்ற ஸ்காட்லாந்து கால்பந்து வீரர்கள் ‘யெஸ் சார், ஐ கேன் பூகி’ பாட்டுக்குக் குதித்தாடினார்கள்; 43 ஆண்டுப் பழைய பாட்டு மறுபடி பிரிட்டன் தரவரிசைக்குள் வந்தது.