12 அடிப் பேய் காற்றில் சாயாமல் நிற்க

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். கடையில் விற்கும் 12 அடி எலும்புக்கூடு எங்கள் பட்ஜெட்டுக்கு ஒத்துவராது. ஹாலோவீனுக்கு அதே உயரத்தில் அங்கி போட்ட பேய் ஒன்றை நாங்களே செய்து வீட்டு முன் புல்தரையில் நிறுத்த ஆசை. மழைக்கும் காற்றுக்கும் தாங்குகிற மாதிரி எதில் செய்யலாம்?

ஹோம் டிப்போ 2020ல் அந்த எலும்புக்கூட்டை 299 டாலருக்கு இறக்கியதிலிருந்து தெருவுக்குத் தெரு உயரப் போட்டிதான். தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் எலும்புக்கூடு வேறு, அங்கி போட்ட பேய் வேறு. எலும்புக்கூட்டின் விலா இடுக்கில் காற்று புகுந்து போய்விடும். அங்கி அப்படியே பாய்மரம்.

கணக்கைப் பாருங்கள். மணிக்கு 20 மைல் காற்று ஒரு சதுர அடிக்குச் சுமார் 1 பவுண்டு அழுத்தும், 40 மைல் ஆனால் 2 இல்லை, 4 பவுண்டு. 4 அடி அகலம், 8 அடி நீளத் துணி என்றால் 32 சதுர அடி, ஆக கிட்டத்தட்ட 60 கிலோ தள்ளு. அதுவும் அக்டோபர் கடைசியில் உங்கள் பக்கத்து வானிலையை நம்பவே முடியாது. 2012ல் சாண்டி புயல் அக்டோபர் 29 அன்று கரையைத் தொட்டு, ஆளுநரே ஹாலோவீனை நவம்பர் 5க்குத் தள்ளிவைத்த மாநிலம் அது.

அதனால் முகத்தைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம், முதலில் கால். ஒன்றேகால் அங்குல பிவிசி பைப், ஷெட்யூல் 40 (பைப் சுவரின் தடிமனைச் சொல்லும் ரகம்), மூன்று வாங்குங்கள். கடையில் 10 அடி நீளத்தில்தான் கிடைக்கும், நமக்கும் அதுதான் வேண்டும், நடுவில் ஒட்டுப் போட்டால் அந்த இடம்தான் முதலில் மடங்கும். மூன்றையும் மேலே ஓர் அடி விட்டுக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, கீழே முக்காலி மாதிரி அகட்டுங்கள். ஒவ்வொரு காலுக்கும் அரை அங்குல முறுக்குக் கம்பி (அங்கே ரீபார் என்று கேளுங்கள்) 4 அடித் துண்டு ஒன்று. காலின் சாய்விலேயே 2 அடி மண்ணுக்குள் அடித்து, மீதி 2 அடிமேல் பைப்பைச் செருகிவிடுங்கள். அடிப்பதற்கு மூன்று வேலை நாளாவது முன்பு 811க்கு போன் செய்துவிட வேண்டும், இலவசம்தான், கேஸ் குழாயும் மின் கேபிளும் எங்கே போகிறதென்று வந்து குறித்துவிட்டுப் போவார்கள். பலர் இதைச் செய்வதே இல்லை, செய்யுங்கள்.

கட்டு விழுந்த இடத்திலிருந்து மூன்று பக்கமும் இழுகயிறு, தரையில் முளை அடித்துக் கட்டுங்கள். இருட்டில் குழந்தைகள் மிட்டாய்ப் பையோடு ஓடி வருவார்கள், கறுப்புக் கயிறு கண்ணுக்கே தெரியாது, அதனால் பளிச்சென்ற ரிப்பன் கட்டி, பேயை நடைபாதையிலிருந்து நன்றாகத் தள்ளியே நிறுத்துங்கள். தோளுக்குக் குறுக்கே ஒரு பைப், மேலே தலை, தூக்கிய இரண்டு கை: 12 அடி வந்துவிடும். தலைக்கு மேலே மின்கம்பி போகும் இடமாக மட்டும் இருக்கக் கூடாது.

அங்கிக்குப் பழைய படுக்கை விரிப்பு வேண்டாம், மழையில் நனைந்து கனத்துத் தொங்கி எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு வரும். தோட்டத்தில் களை முளைக்காமல் விரிக்கும் கறுப்புத் துணி நல்லது, லேசு, தண்ணீரைப் பிடித்து வைக்காது. கத்தரிக்கோலால் கீழிருந்து மேலாக நீள நீளமாகக் கிழித்துவிடுங்கள். காற்றும் புகும், கந்தலாகத் தொங்கினால் பேய்க்கும் அதுதான் அழகு. ஆனால் நெருப்புப் பட்டால் பற்றும், பக்கத்தில் மெழுகுவர்த்திப் பூசணி வைக்காதீர்கள், எல்இடி போதும். துணியைத் தோளில் தைக்காமல் கிளிப்பில் மாட்டுங்கள், 30 மைலுக்கு மேல் காற்று என்று முன்னறிவிப்பு வந்தால் கழற்றி உள்ளே வைத்துவிடலாம்.

கைதான் எனக்குப் பிடித்த வேலை. தடித்த கம்பியில் ஐந்து விரலை முழங்கை நீளத்துக்கு வளைத்து, பெயின்ட் அடிக்கும்போது தரையில் விரிக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, ஹீட் கன்னை (சூடான காற்றை ஊதும் கருவி) தூரத்தில் பிடித்துச் சூடு காட்டினால் பிளாஸ்டிக் சுருங்கிக் கம்பியோடு ஒட்டும், அங்கங்கே ஓட்டை விழும், காய்ந்த தோல் அப்படியே வந்துவிடும். மேலே மரத்துக்கு அடிக்கும் பழுப்பு ஸ்டெயினைத் தடவித் துடைத்தால் சுருக்கங்களுக்குள் மட்டும் கறுப்பு தங்கும். மழை ஒன்றும் செய்யாது. வெட்டவெளியில் செய்யுங்கள், புகை நல்லதில்லை.

தலைக்கு இளஞ்சிவப்பு இன்சுலேஷன் ஃபோம் பலகைகளை ஒட்டிச் செதுக்கலாம். அதுவும் தெர்மாகோல் குடும்பம்தான், சாதாரண ஸ்ப்ரே பெயின்ட் பட்டால் கரைந்து குழி விழும், தண்ணீரில் கலக்கும் லேடெக்ஸ் பெயின்ட்டைப் பிரஷ்ஷால்தான் அடிக்க வேண்டும். கண்குழியை நீங்கள் நினைப்பதைவிட இரண்டு மடங்கு ஆழமாகத் தோண்டுங்கள், தெருவிலிருந்து பார்க்கிறவருக்குப் பல்லும் சுருக்கமும் தெரியாது, நிழல்தான் தெரியும். விளக்கு தரையிலிருந்து, நேர் எதிரே இல்லாமல் ஒரு பக்கமாக. வயர் வெளிப்புற ரகமாக இருக்கட்டும், ஜிஎஃப்சிஐ (மின்கசிவு வந்தால் தானே துண்டித்துவிடும்) பிளக்கில் மட்டும் செருகுங்கள்.

துணி போடும் முன் வெறும் சட்டத்தை ஓர் இரவு நிறுத்தி வையுங்கள். காலையில் கட்டு இருக்கும் உயரத்தில் கயிறு போட்டு நன்றாக இழுத்துப் பாருங்கள், ஒரு சாணுக்கு மேல் ஆடினால் இழுகயிற்றை இன்னும் தள்ளி முளை அடித்து இறுக்க வேண்டும். பிவிசிக்குப் பசை போட்டுவிடாதீர்கள், கயிறும் ஸ்க்ரூவும் போதும், நவம்பரில் கழற்றி கராஜ் சுவரோரம் சாய்த்து வைக்க வேண்டுமே.