குட்டி மணிக்கட்டில் இரண்டு எலக்ட்ரோடு

கேள்வி: ஒரு வயதுக் குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்தபின், தசை தளர்வை அளக்க எலக்ட்ரோடுகளை (மின்சாரம் செலுத்தும் ஒட்டுப்பட்டைகளை) எங்கே ஒட்டுவது? கை மிகச் சிறியதாக இருக்கிறதே!
– டெக்னீஷியன் மாணவி, எழும்பூர், சென்னை

பதில்: அல்நார் நரம்புதான் (சுண்டுவிரல் பக்கமாகக் கைக்கு வரும் நரம்பு) முதல் தேர்வு. சுண்டுவிரல் பக்கம், மணிக்கட்டு மடிப்புக்குச் சற்று மேலே கறுப்பு (நெகட்டிவ்) எலக்ட்ரோடு. அதே கோட்டில் முழங்கை நோக்கிச் சிவப்பு. பெரியவர்களுக்குரியதை ஒட்டாதீர்கள். இரண்டு ஜெல்லும் தொட்டுக்கொண்டால் மின்சாரம் தோல்மேலேயே ஓடிவிடும், நரம்புக்குப் போகாது. குழந்தைகளுக்கான சிறிய எலக்ட்ரோடு வாங்கி, ஓரப் பசைப்பகுதியை மட்டும் கத்தரியுங்கள்; ஜெல்லில் கத்தரி படக்கூடாது.

நம்மூரில் குழந்தைக்கு எண்ணெயும் பவுடரும் பூசியே அழைத்து வருவார்கள். ஸ்பிரிட்டால் துடைத்து, நன்கு காய்ந்தபிறகே ஒட்டவும்.

தளர்வு மருந்து கொடுக்கும் முன்பே கருவியைச் சரிபார்த்துவிடுங்கள். அது அரை விநாடிக்கு ஒன்றாக 4 மின்துடிப்புகளை நரம்புக்கு அனுப்பும்; ஒவ்வொன்றுக்கும் தசை ஒருமுறை துடிக்கும். பார்க்க வேண்டியது கட்டைவிரல் உள்நோக்கி மடங்குவதை மட்டுமே. மற்ற விரல்கள் அசைவதை நம்பவே நம்பாதீர்கள்: சின்னக் கையில் மின்சாரம் தசையை நேரடியாகத் தூண்டிவிடும், தளர்ந்த தசையும் துடிக்கும். முகத்தில் ஒட்டினால் இந்த ஏமாற்றம் இன்னும் அதிகம்.

கை சில்லிட்டாலும் துடிப்பு குறையும், போர்த்தி வையுங்கள். கை அறுவைச் சிகிச்சைத் துணிக்கடியில் போய்விட்டால், உள் கணுக்காலுக்குப் பின்னால் ஒட்டிக் கால் கட்டைவிரலைக் கவனிக்கலாம்.

மூச்சுக்காகத் தொண்டையில் வைத்த குழாயை எடுக்கும் முன், தசையின் நான்காம் துடிப்பு முதல் துடிப்பில் 0.9 பங்காவது இருக்க வேண்டும். இதைக் கண்ணால் கணிக்க முடியாது, கருவிதான் சொல்ல வேண்டும்.