திங்கட்கிழமை வருவதாகச் சொன்னவர்கள்

அன்புள்ள சார்,

நான் பி.காம். முடித்து, டேலி என்கிற கணக்கு சாஃப்ட்வேர் படித்திருக்கிறேன். தாராபுரம் பக்கம். போன வாரம் கோவையில் ஒரு பெரிய கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் வேலைக்கு இன்டர்வியூ போய்வந்தேன். "சொல்லி அனுப்புகிறோம்" என்றார்கள். எத்தனை நாள் கழித்து நானாகப் போன் செய்து கேட்கலாம்? கேட்டால் மட்டமாக நினைப்பார்களா? ரெஸ்யூமில் போட்டோ ஒட்டலாமா, அப்பாவைத் துணைக்குக் கூட்டிப்போனது தப்பா என்றும் தோழிகளுக்குள் ஒரே விவாதம். நீங்கள் லேத் பட்டறை நடத்தியவர் என்பதால் கேட்கிறேன். இதற்கு முன்னால் கோவை கணபதி ஏரியாவில் ஒரு சின்னக் கம்பெனியில் சேரச் சொன்னார்கள். சரி என்றுதான் சொல்லியிருந்தேன், ஆனால் போகவில்லை. நாலைந்து தடவை கூப்பிட்டார்கள், பிளாக் செய்துவிட்டேன். பெரிய இடத்தில் கிடைத்தால் நல்லதுதானே?

ஒரு வாசகி

அன்புள்ள அம்மணி,

போட்டோ ஒட்டலாம், ஒட்டாமலும் விடலாம். முகத்தைப் பார்த்து யாரும் டேலி தெரியுமா என்று கண்டுபிடிப்பதில்லை. அப்பா வந்தது தப்பே இல்லை. செக்யூரிட்டி பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிக்கட்டும், சம்பளத்தை மட்டும் நீங்களே பேசுங்கள். போன் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

இதற்காகவெல்லாம் உங்கள் கடிதத்தை வெளியிடவில்லை. போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, "நாலைந்து தடவை கூப்பிட்டார்கள், பிளாக் செய்துவிட்டேன்" என்று, அதற்காகத்தான். இரண்டு நாளாக அந்த வரி என்னைத் தூங்கவிடவில்லை.

உங்களைக் கூப்பிட்டது நானில்லை. பட்டறையை மூடி மூன்று வருடம் ஆகிறது. ஆனால் அதே கணபதியில் 19 வருடம் பம்பு கம்பெனிகளுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுத்தவன் நான். மொத்தம் 12 பேர். பெரிய கம்பெனி என்றால் எச்.ஆர். என்று தனியாக ஆள் இருப்பார். எங்களைப் போன்ற இடத்தில் ஓனர்தான் எச்.ஆர்., ஓனர்தான் பர்ச்சேஸ், ஆள் வராத அன்று ஓனர்தான் லேத்தில் நிற்பார். நீங்கள் பிளாக் செய்த நம்பர் அவருடைய சொந்த நம்பராகத்தான் இருக்கும்.

2016இல் பேங்க் கடன் வாங்கி வி.எம்.சி. என்கிற கம்ப்யூட்டர் மிஷின் ஒன்றை இறக்கினேன். புரோகிராம் போட்டுக் கொடுத்தால் தானே வெட்டிக்கொள்ளும், ஆனால் பக்கத்தில் விவரம் தெரிந்த ஆள் வேண்டும். ஏழு பேரைப் பார்த்து ஒரு டிப்ளமோ பையனைப் பிடித்துப்போனது. சனிக்கிழமை சாயங்காலம் கேட்டேன். "திங்கட்கிழமை வந்துடறயா தம்பி?" "சரிங்க." "ஷூ சைஸ் என்ன?" "எட்டுங்க." அன்றைக்கே போய் சேஃப்டி ஷூ வாங்கினேன். இ.எஸ்.ஐ.க்கு அவன் ஆதார் நகலை எடுத்துத் தயாராக வைத்தேன். மெஸ் அக்காவிடம் ஒரு சாப்பாடு கூட்டிச் சொன்னேன். பட்டியலில் இரண்டாவதாக இருந்த பையனுக்கு நானே போன் செய்து, ஆள் எடுத்தாயிற்று என்று சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை எட்டரை ஆனது, ஒன்பதரை ஆனது. போன் ஸ்விட்ச் ஆஃப். பைக்கில் வருகிற பையன், சத்தி ரோட்டில் ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்தேன். சிரிக்காதீர்கள், நிஜமாகவே வண்டியை எடுத்துக்கொண்டு சரவணம்பட்டி வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சாயங்காலம் வாட்ஸ்அப்பில் பையன் டி.பி.யை மாற்றியிருந்தான். கழுத்தில் வேறொரு கம்பெனி அடையாள அட்டை. நன்றாகத்தான் இருந்தான்.

இரண்டாவது பையனைக் கூப்பிட்டேன். "ஓசூர் பஸ்ல இருக்கேனுங்க, அங்க கெடச்சிருச்சு" என்றான். ஊரிலேயே இருந்து வேலை பார்த்திருக்க வேண்டியவன்.

அந்தப் பையன் பொய் சொன்னான் என்று ரொம்ப நாள் கோபமாக இருந்தேன். அப்புறம்தான் உறைத்தது. நம் கொங்குப் பக்கத்தில் "சரிங்க" என்றால் சம்மதம் என்று அர்த்தமில்லை. நீங்கள் சொல்வது காதில் விழுந்தது, எதிர்த்துப் பேசி உங்களைச் சங்கடப்படுத்தமாட்டேன், அவ்வளவுதான். கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிற எல்லோரிடமும் "வந்தர்றமுங்க" என்கிறோமே, அந்த ரகம். அதை யாரும் வாக்காக எடுத்துக்கொள்வதில்லை. சமையல்காரர் பத்திரிகைக் கணக்கில் பாதியைக் கழித்துத்தான் உலை வைக்கிறார்.

வேலை கொடுக்கிறவனும் அப்படிக் கழிக்க ஆரம்பித்தால் என்ன ஆகும், யோசித்தீர்களா? நான் ஆரம்பித்தேன். அடுத்த வருடம் ஒரே ஒரு இடத்துக்கு இரண்டு பேரிடம் திங்கட்கிழமை வரச் சொன்னேன். ஒருத்தன் எப்படியும் வரமாட்டான் என்ற தைரியம்.

இரண்டு பேரும் வந்துவிட்டார்கள்.

ஒருத்தன் உள்ளூர். இன்னொருத்தன் ஒட்டன்சத்திரத்திலிருந்து விடியும் முன்னே பஸ் ஏறி, கையில் துணிப்பையும் டிபன் கேரியருமாக நிற்கிறான். தங்கிக்கொள்வதற்குப் பாய்கூடச் சுருட்டி எடுத்து வந்திருந்தான். என்ன சொல்வேன்? உள்ளூர்க்காரனுக்கு வி.எம்.சி. ஓட்டிப் பழக்கம் இருந்தது, அவனை வைத்துக்கொண்டேன். மற்றவனிடம் ஆர்டர் குறைந்துவிட்டது என்று பொய் சொல்லி, 500 ரூபாய் கையில் வைத்து அனுப்பினேன். அவன் அதற்கும் "சரிங்க" என்றான். சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

வராத பையனின் ஷூ அலமாரியில் பெட்டி பிரிக்காமல் அப்படியே இருந்தது. அதையாவது இவனிடம் கொடுத்திருக்கலாம் என்று பஸ் போன பிறகுதான் தோன்றியது.

கம்பெனிகள் மட்டும் ஒழுங்கா என்று உங்கள் தோழிகள் கேட்பார்கள். ஒழுங்கில்லை. 2022இல் கேம்பஸில் எடுத்த பிள்ளைகளைப் பெரிய ஐ.டி. கம்பெனிகள் மாதக்கணக்கில், சிலரை வருடக்கணக்கில்கூட, சேர்க்காமல் காக்கவைத்தன. அவ்வளவு தூரம் எதற்கு, என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். வேலை இல்லை என்று எத்தனை பேருக்கு நான் தகவல் சொல்லியிருப்பேன்? விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்கள் கொடுத்த பயோடேட்டாவின் பின்பக்கத்தில் கடைய வேண்டிய பாகத்துக்கு அளவு குறித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் லேத் ஓட்டும் என் டர்னர் ஒரு தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இது எங்க சித்தப்பா பையனுங்க" என்றார். அன்றைக்கு நிறுத்தினேன். அதற்காக நீங்கள் பிளாக் செய்தது சரியாகிவிடாது. நான் செய்தது தப்பு, நீங்கள் செய்ததும் தப்பு, இரண்டையும் கூட்டிக் கழித்து நேர் செய்ய இது டேலி இல்லை.

பெரிய இடத்தில் கிடைத்தால் நல்லதுதானே என்கிறீர்கள். நல்லதுதான், தாராளமாகப் போங்கள். பத்தாயிரம் கூடுதலாக வருகிறதென்றால் எங்கள் பட்டறையில் யாரும் உங்களைக் கட்டிப்போட முடியாது, போடவும் மாட்டோம். "வரலைங்க" என்று ஒரே ஒரு வார்த்தை. காலையில் ஏழு மணிக்குச் சொன்னாலும் போதும், எட்டுக்குள் இரண்டாவது ஆளைக் கூப்பிட்டுவிடுவோம். அதற்காகப் பாட்டியைச் சாகடிக்க வேண்டாம். என் 19 வருடத்தில் எத்தனையோ பாட்டிகள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், ஒருத்தர் இரண்டு தடவை.

சரி, போன் விஷயம். அவர்கள் நாள் சொல்லியிருந்தால் அந்த நாள் வரை பொறுங்கள். சொல்லாவிட்டால் ஒரு வாரம் கழித்து, காலை பதினொரு மணிவாக்கில் கூப்பிடுங்கள். பேர், இன்டர்வியூ வந்த தேதி, என்ன வேலைக்கு, இவ்வளவும் முதல் மூச்சிலேயே வந்துவிட வேண்டும். யாரும் மட்டமாக நினைக்கமாட்டார்கள்.

அந்த போனுக்கு முன்னால் கணபதிக்காரரை அன்பிளாக் செய்யுங்கள். பேச வாய் வராவிட்டால் மெசேஜ் போதும். "அக்கவுண்ட்ஸ் வேலைக்குச் சேர்வதாகச் சொன்ன தாராபுரம் பெண். நான் வரவில்லை. அப்போதே சொல்லியிருக்க வேண்டும், மன்னிக்கவும்." திட்டினாலும் திட்டுவார், வாங்கிக்கொள்ளுங்கள். இந்நேரம் வேறு ஆள் எடுத்திருப்பார் என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் அனுப்புங்கள், அம்மணி.